திராட்சை ஊறும்போதே டிக்கெட்!

ராயபுரத்தில் எனக்குப் பழக்கமான வீடு ஒன்று உண்டு. ராயப்பர் கோயிலில் மணி அடித்தால் அந்த வீட்டு அடுக்களையில் தட்டு டம்ளரெல்லாம் ஒரு தரம் சிலிர்த்துக்கொள்ளும். அத்தனை பக்கம்! வீட்டுக்காரருக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பூர்விகம் தூத்துக்குடி. டிசம்பர் பிறந்துவிட்டால் தெரு முனையிலேயே கேக் வாசனை ஆளைப் பிடித்து இழுக்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் தட்டில் வந்து சேரும். நானும் வருஷா வருஷம் அந்த வாரம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் "தற்செயலாக"ப் போவது வழக்கம்.

2024-ஆம் வருஷம் டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் போனேன். வாசனையே இல்லை. வீட்டு அம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கையில் பென்சிலும் மறு கையில் கைப்பேசியுமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, அடுப்பு மூட்டவில்லையா?"

"அடுப்பா? வயிறுதான் எரியுது தங்கச்சி! தூத்துக்குடிக்கு ஒரு ஆளுக்குப் பதிமூணாயிரத்து ஐந்நூறாம். நாலு பேருக்கு அம்பத்தி நாலாயிரம். அதுவும் போக மட்டும்! கூட மூவாயிரம் போட்டா ஒரு பவுனே வாங்கிடலாம்."

"ரயிலில் போகக்கூடாதா?"

"ரயில்ல இடம் போய் ஒரு மாசமாச்சு. பஸ்ஸுல கேட்டா அவனும் விமானக்காரனுக்குத் தம்பி மாதிரி பேசறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிப்புக்கு உரியதல்ல. அந்தச் சித்திரையில்தான் அவருடைய மாமனார் காலமாகியிருந்தார். ஊரில் மாமியார் தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. கணவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் வருவார்கள் என்று கிழவி அடுத்த வீட்டாரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். கடைசியில் மகன் மட்டும் எப்படியோ ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் வந்தார். பேரக் குழந்தைகள் பாட்டியைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கையசைத்தார்கள். "பாட்டி அழுதாங்களா?" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று வீடு திரும்பும்போதே தீர்மானித்தேன். இந்த விமான டிக்கெட் என்னும் மாய மிருகத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று. மண்ணடியில் டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள், விமானம் அடிக்கடி ஏறி இறங்குகிற உறவினர்கள் என்று பலரையும் பிடித்து விசாரித்தேன். இந்தச் சமாசாரம் ராயபுரத்துக்கு மட்டும் உரியதல்ல. சகோதரிகள் எல்லோருக்கும் உதவும். ஆனாலும் ராயபுரத்தை வைத்துச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

பிரயாணம் என்பது அந்தப் பேட்டைக்குப் புதிதா என்ன! தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் "ரஜூலா" கப்பல் போய் வந்தது. அதற்குப் பின் வந்த "சிதம்பரம்" கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல் வழியே அடைபட்டது. இப்போது தூரத்து ஊருக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றால் பட்டணத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மீனம்பாக்கத்துக்குப் போய் ஆகாயத்தில் ஏற வேண்டும்.

காசிமேடு ஏலம்

மண்ணடிக்காரர் ஒருவர் எனக்கு இதை விளக்கிய விதம் அருமையானது. "அம்மா, காசிமேட்டில் விடியற்காலையில் வஞ்சிரம் என்ன விலை? வெயில் ஏற ஏற என்ன ஆகிறது? இறங்குகிறதல்லவா? மீன் கெட்டுப் போகும், அதனால் இறங்குகிறது. விமானத்து இருக்கையும் கெட்டுப் போகிற சரக்குத்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கையைக் கூடையில் போட்டுத் தூக்கி வந்து மறுநாள் விற்க முடியாது. அப்படியானால் கடைசி நேரத்தில் மலிவாகக் கொடுக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் தப்பு! கடைசி நேரத்தில் வருகிறவர் யார்? போயே தீர வேண்டியவர். அவரிடம் எதற்கு விலையைக் குறைப்பது?"

ஒரே விமானத்தில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை வைப்பதில்லை. அவற்றைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படியில் சில இருக்கைகள், மலிவு. அவை விற்றதும் அடுத்த படி. அதுவும் தீர்ந்தால் அதற்கு மேல். ஏணி ஏறுவது போல விலை ஏறுகிறது. எந்தப் படியில் எத்தனை இருக்கை வைப்பது என்பதைக் கம்ப்யூட்டர் போன வருஷத்துக் கூட்டத்தையும் இந்த வருஷத்து வேகத்தையும் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த வித்தையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி. 1985-இல் மலிவுக் கட்டணப் போட்டிக்காரனைச் சமாளிக்க, முன்கூட்டி வாங்குகிறவருக்கு மலிவாகவும் கடைசியில் வருகிறவருக்குக் கிராக்கியாகவும் விற்றார்கள். இன்று உலகம் பூராவும் அதுதான் நடைமுறை.

இப்போது தூத்துக்குடியைப் பாருங்கள். அங்கே வெகு காலமாகச் சிறிய ஏடிஆர் விமானங்கள்தான் இறங்க முடிந்தது. அதில் எண்ணி 78 இருக்கை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரண்டு நாளில் மலிவுப் படிகள் எத்தனை நேரம் தாங்கும்? 2024 டிசம்பரில் நாலாயிரத்துச் சொச்சத்துச் சீட்டு ஏறத்தாழ மூன்று மடங்கானது இப்படித்தான். 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள். ஓடுபாதையையும் பெரிய விமானம் இறங்குகிற அளவுக்கு நீட்டியிருக்கிறார்கள். இருக்கை கூடினால் ஏணியும் கொஞ்சம் சாய்வாகும். ஆனால் பண்டிகை பண்டிகைதானே?

அதிலும் நம் ஊர் டிசம்பர் இருக்கிறதே, அது ஒரு பண்டிகை மட்டும் அல்ல. கிறிஸ்துமஸ், அரையாண்டுப் பரீட்சை லீவு, சபரிமலை மண்டல பூஜை, மார்கழிக் கச்சேரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள், புது வருஷம், மூச்சு விடுவதற்குள் பொங்கல். எல்லாரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைகிறோம்.

எப்போது வாங்குவது?

"செவ்வாய்க்கிழமை நடு ராத்திரியில் வாங்கினால் மலிவாம், இரண்டு தரம் தேடினால் கம்ப்யூட்டர் நம்மைக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுமாம்" என்றெல்லாம் சொல்கிறார்களே, அவற்றை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதியான ஆதாரம் எதையும் யாரும் எனக்குக் காட்டவில்லை. நீங்கள் மறுபடி தேடும்போது விலை ஏறியிருந்தால், இடையில் வேறொரு புண்ணியவதி வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.

எந்த நாளில் வாங்குகிறோம் என்பதைவிட எந்த நாளில் பறக்கிறோம் என்பதே முக்கியம். டிசம்பர் 20 முதல் 24 வரை தெற்கே போகிற விலை ஒரு ஜாதி. 25-ஆம் தேதி பகல் விலை வேறு ஜாதி. பண்டிகை அன்று பறக்க யார் ஆசைப்படுவார்கள்? அதனாலேயே அன்று பெரும்பாலும் இறங்கியிருக்கும். திரும்பும்போதும் அப்படித்தான். ஜனவரி முதல் ஞாயிறு எல்லாரும் திரும்புகிற நாள். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடையே வருகிற செவ்வாயோ புதனோ ஓரளவு பரவாயில்லை. கூகிள் ஃப்ளைட்ஸ் போன்ற இடத்தில் மாதம் முழுவதுக்குமான விலையைக் காலண்டர் போல ஒரே பார்வையில் காட்டுகிறது. விலை இறங்கினால் தகவல் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம். காசில்லாத வேலைக்காரன்!

மாதம் எது என்றால், நம் ராயபுரத்து அம்மாளுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். கேக்குக்குத் திராட்சையும் முந்திரியும் எப்போது ஊறப் போடுவீர்கள்? செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் அல்லவா? அன்றைக்கே டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் கேக்கும் சுமார், டிக்கெட்டும் சுமார்.

ரயிலுக்கு இந்தக் கணக்குப் பலிக்காது. முன்பு 120 நாள் முன்னதாக ரயில் டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாளாகச் சுருங்கிவிட்டது. டிசம்பர் 23-ஆம் தேதி முத்துநகர் எக்ஸ்பிரஸில் போக வேண்டுமானால், அக்டோபர் 24-ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குளித்து முழுகிக் கைப்பேசியுடன் தயாராக இருக்க வேண்டும். எட்டேகாலுக்கு உட்கார்ந்தால் காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கலாம்.

கூட்டத்துக்கு எதிரே

விசாரித்ததில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இது. 23-ஆம் தேதி சென்னையிலிருந்து தெற்கே போகிற விமானம் பிதுங்கி வழிகிறது. அதே விமானம்தானே திரும்பி வர வேண்டும்? அன்று தூத்துக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னைக்கு வருகிறவர் கொஞ்சம். ஆகவே அந்தத் திசையில் விலை சாதுவாக இருக்கும். பொங்கலுக்கு முன்பும் இதே கதைதான். ஊருக்குப் போகிற திசையில் நெருப்பு. வருகிற திசையில் பனி.

அப்படியானால் நாலு பேர் போவதற்குப் பதிலாக ஒரு பாட்டி வந்துவிட்டால்? நாலு டிக்கெட்டுக்குப் பதில் ஒன்று. அதுவும் மலிவுத் திசையில்!

இந்த மகா யோசனையை ராயபுரத்து அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் உடனே தொலைபேசியில் மாமியாரைப் பிடித்தார். ஒலிபெருக்கியில் பதில் கணீரென்று வந்தது. "நான் எதுக்கு அங்க வரணும்? நடு ராத்திரிப் பூசைக்கு நான் என் பனிமய மாதா கோயிலை விட்டுட்டு எங்க போவேன்? உங்க தாத்தா உக்காந்த பெஞ்சுல இந்த வருசம் நான் தனியாத்தான் உக்காந்தேன். அடுத்த வருசமும் தனியாத்தான் உக்காருவேன் போல."

கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்திவிடுமா என்ன? பேச்சு அத்துடன் நின்றது. போயே ஆக வேண்டும் என்பது மட்டும் அந்தக் கணமே முடிவாகிவிட்டது.

ஆனால் உங்கள் வீட்டில் பாட்டி வரச் சம்மதிப்பாரானால் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ராயபுரத்தில் ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சில உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. டிசம்பரில் அங்கே கோடைக்காலம். பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு. லீவு விட்டதும் ஊரே வெளியே கிளம்பும். மகன் மனைவி மக்களோடு அங்கிருந்து கிளம்பி வருவதைவிட, அம்மாள் இங்கிருந்து டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்பிப் போய்விடுவது பல சமயம் பாதிச் செலவில் முடியும். விசா என்கிற வைபவத்தை மட்டும் சில மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு அவர்கள் கையில் இல்லை. அவர்களில் சிலர் கொழும்பு வழியாக வந்து பணம் மிச்சம் பிடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் கேட்பார் இல்லை. டிசம்பரில் டில்லிப் பக்கம் மூடுபனி; சென்னைப் பக்கம் புயல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மீனம்பாக்கத்தையே மூடி வைத்தார்களே, நினைவிருக்கிறதா?

நாலு பேர் போகும்போது

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம். மலிவுப் படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நாலு கேட்டால், பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர் மூன்றை மலிவாகவும் ஒன்றைக் கிராக்கியாகவும் தராது. நாலையும் அடுத்த படி விலைக்குத் தூக்கிவிடும்! ஆகையால் முதலில் ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள், பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு. தலைக்கு விலை மாறுகிறதா? மாறினால் இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்குங்கள்.

பிரிக்கும்போது அம்மாவும் ஒரு குழந்தையும் ஒரு டிக்கெட், அப்பாவும் மற்றக் குழந்தையும் ஒரு டிக்கெட் என்று பிரிக்க வேண்டும். காரணம் உண்டு. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பதிவிலுள்ள பெற்றோரில் ஒருவருக்குப் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. குழந்தை தனியே உட்கார்ந்து அழுமே என்று பயந்து, இருக்கைக்கு என்று தனியாகப் பணம் கட்டுகிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கு மலிவு விமானங்களில் ஏறக்குறைய முழு டிக்கெட்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். "அரை டிக்கெட்" காலமெல்லாம் பஸ்ஸோடு சரி.

முதல் பக்கத்தில் தெரிகிற விலை கடைசிப் பக்கத்தில் தெரிவதில்லை. வசதிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், சாப்பாடு, இருக்கை என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் நாம் கேட்காமலே தேர்வு செய்து வைத்திருப்பார்கள். நிதானமாக ஒவ்வொன்றாக நீக்குங்கள். காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலைக்கு வாதாடுகிற நாம் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறோம் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

மூட்டை விஷயத்திலும் அப்படியே. உள்நாட்டில் பெரும்பாலும் உள்ளே போடுகிற பெட்டி 15 கிலோ, கையில் 7 கிலோ. மிக மலிவான சில டிக்கெட்டுகளில் கைப்பை மட்டும்தான். பெட்டிக்குத் தனிப் பணம். பெட்டிக்கு முன்கூட்டிப் பணம் கட்டினால் ஒரு விலை. விமான நிலையத்தில் தராசுக்கு முன்னால் நின்று கட்டினால் கண்ணில் நீர் வருகிற விலை. கேக்கையும் மக்ரூனையும் சுமக்கிற குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

இனி ரத்து. உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்து, விமானக் கம்பெனியிடமே நேராக வாங்கியிருந்தால், வாங்கியபின் குறிப்பிட்ட கெடுவுக்குள் ரத்துக் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்று விதி இருக்கிறது. ஆகவே நல்ல விலை கண்ணில் பட்டால் முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் வீட்டில் சண்டை போட்டு முடிவு செய்யலாம்! "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியுள்ள டிக்கெட்டை ரத்து செய்தாலும், அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் அவர்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பலர் கேட்பதே இல்லை. கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ, நம் விருப்பம். எது கேட்பதானாலும் கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்துப் பேசுங்கள். எங்கேயோ தேடிக் கிடைத்த "வாடிக்கையாளர் சேவை" எண்ணை நம்பி வங்கி விவரம் கொடுத்து ஏமாந்தவர்களில் என் நெருங்கிய உறவினர் ஒருவரும் உண்டு. பெயர் சொன்னால் பேச்சு வார்த்தை நின்றுவிடும்.

விம்கோ நகரிலிருந்து விமானம் வரை

விடியற்காலை விமானம் மலிவு என்று சொல்வார்கள். தியாகராய நகர்க்காரருக்கு அது சரி. எண்ணூர்க்காரருக்கு?

நம் வட சென்னைக்கு ஒரு பாக்கியம் கிடைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் போய் இறங்கலாம். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தையும் அந்த மாதமே 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். கைப்பேசியில் சீட்டு வாங்கினால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி. நாலு பேர் இருநூறு ரூபாய்க்குள் போய்ச் சேரலாம்; கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்று நகம் கடிக்க வேண்டியதில்லை.

ஆனால் மெட்ரோ கண் விழிப்பது காலை ஐந்து மணிக்கு. போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்தரை மணி விமானத்துக்கு எப்படிப் போவது? டாக்ஸிதான். அந்த நேரத்தில், அத்தனை தூரத்துக்கு, பெட்டிகளோடு! விமானத்தில் தலைக்கு முந்நூறு மிச்சம் பிடித்து டாக்ஸிக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் விலையோடு வாசற்படியிலிருந்து வாசற்படி வரை ஆகிற செலவையும் கூட்டிப் பாருங்கள். தூத்துக்குடிக்குப் பதில் மதுரைக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போதும் இதே கணக்குத்தான். அங்கிருந்து இன்னும் சுமார் 140 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

விமான நிலையத்தில் காப்பி விலை கேட்டு மயங்கியவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையின் உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் "உடான் யாத்ரி கஃபே" என்று ஒன்று திறந்தார்கள். டீ பத்து ரூபாய், தண்ணீர் பாட்டில் பத்து ரூபாய், சமோசா இருபது ரூபாய் என்று விலை வைத்தார்கள். பாதுகாப்புச் சோதனைக்குள் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்து அம்மாள் என்ன செய்தார்?

2025-ஆம் வருஷம் அக்டோபர் முதல் வாரம். அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, திராட்சை ஊறப் போட்டுட்டேன்!" என்றார். கேக்குக்குச் சொல்கிறாரா டிக்கெட்டுக்குச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். இரண்டுக்கும்தான்!

போவதற்கு ரயில்; வருவதற்கு விமானம் என்று முடிவு செய்திருந்தார். போகும்போதுதான் விமானம் நெருப்பு விலை. வரும்போது டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸோடு திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிடுவார்கள். மற்றவர்கள் புது வருஷம் கழித்துத்தான் வருவார்கள். இடையில் அகப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை தலைக்கு நாலாயிரத்து எழுநூறு ரூபாய். இரண்டு இரண்டாகப் பிரித்துத்தான் வாங்கினார். அக்டோபர் 24-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு அவர் ஒரு கைப்பேசி, மகள் ஒரு கைப்பேசி, வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகிற வழியில் ஒரு கைப்பேசி! மகளுக்குத்தான் ரயில் டிக்கெட் மாட்டியது. ரயிலில் நாலு பேருக்கும் ஆன செலவு முந்தின வருஷத்து ஒரு விமான டிக்கெட்டின் பாதிகூட இல்லை.

அதற்குப் பிறகு சும்மா இருக்க விட்டதா டிசம்பர்? முதல் வாரத்திலேயே நாடு முழுவதும் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதில் இண்டிகோ கம்பெனிக்கு ஆள் போதவில்லை. இருக்கிற விமானங்களின் கட்டணம் எகிறவே, அரசாங்கம் தலையிட்டு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,500 கிலோமீட்டருக்கு மேல் போனால் 18,000 ரூபாய். கொரோனா காலத்துக்குப் பின் அப்படி ஒரு வரம்பை நாம் பார்த்ததில்லை. அந்த நாலைந்து நாளும் ராயபுரத்து அம்மாள் எனக்குத் தினம் இரண்டு தரம் பேசினார். "நம்ம விமானம் இருக்குமா? இல்லாட்டி ஊரிலேயே இருந்துடலாமா?" பண்டிகை நெருங்குவதற்குள் நிலைமை சீரானது. முப்பதாம் தேதி விமானம் முப்பதாம் தேதியே பறந்தது.

நடு ராத்திரிப் பூசையில் தாத்தாவின் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். பாட்டி நடுவில். சின்னவன் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கியே போய்விட்டான்.

ஆனால் நான் சொல்ல வந்த வேடிக்கை இனிமேல்தான். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த பாட்டி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மருமகளிடம், "ஏன்மா, அந்த எதிர்த்திசை மலிவுன்னு சொன்னியே, அது பொங்கலுக்கும் உண்டா?" என்று மெல்லக் கேட்டாராம்.

உண்டே! போகிக்கு முந்தின நாள் சென்னையே தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்க, பாட்டி வடக்கு நோக்கிப் பறந்து வந்தார். மூவாயிரத்துச் சொச்சம். சக்கர நாற்காலி உதவியை முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். நானும் ராயபுரம் போய்ப் பார்த்தேன். பாட்டி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து மக்ரூன் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இத்தனை எடையை எப்படிப் பாட்டி விட்டார்கள்?" என்று கேட்டேன்.

"பதினாலே முக்கால் கிலோ," என்றார் பாட்டி. "கிளம்புறதுக்கு முன்னாடி மீன் தராசுல வச்சுப் பார்த்துட்டேன். இன்னும் ஒரு டப்பா வச்சிருக்கலாம். அந்தப் பய ஒழுங்கா நிறுத்தானோ என்னவோ!"